கணவரின் சிறுநீரகம், மகனின் சர்க்கரை: ஒரே சமையல் இருவருக்கும் பொருந்துமா?

வாசகியின் கடிதம் (சுருக்கம்):

என் கணவருக்கு வயது 54, எடை 66 கிலோ. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைட், அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறார். சென்ற மாதப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8.2, கிரியேட்டினின் (இரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு) 1.5, இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன்) 55, சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 180, பொட்டாசியம் 5.3 என்று வந்தது. சிறுநீரக மருத்துவர் புரதத்தைக் குறைக்கச் சொல்கிறார்; சர்க்கரை நோய் சிகிச்சை மையத்தில் புரதத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? இரண்டு மாதமாகக் காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவு உணவு கிடையாது, சோடியம் குறைந்த உப்பு, தினமும் ஓர் இளநீர், வாழைத்தண்டுச் சாறு என்று மாற்றியிருக்கிறோம். சில நாள் விடியற்காலையில் வியர்த்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். என் நாத்தனார் கணவர் உணவை மட்டும் மாற்றியே மாத்திரையை நிறுத்திவிட்டார், இவரும் நிறுத்தலாமா? 26 வயதாகும் மகனுக்கு எச்பிஏ1சி 6.0, எடை 84 கிலோ, உயரம் 170 செ.மீ. அலுவலகத்தில் நாளுக்கு நான்கு தேநீர், இரவில் பெரும்பாலும் பரோட்டா. புரதப் பொடி வாங்கி வைத்திருக்கிறான். அப்பாவுக்கும் கொடுக்கலாம் என்கிறான். அப்பாவுக்குச் சமைப்பதையே அவனுக்கும் கொடுத்தால் போதுமா? மீன், முட்டை சாப்பிடுவோம். மாதம் இரண்டு விசேஷ வீடுகளுக்காவது போக வேண்டியிருக்கிறது. அங்கே என்ன செய்வது?

ஆலோசகரின் பதில்:

மதிப்பிற்குரிய சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்திக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளிமிபிரைட் எடுத்துக்கொண்டு இரவு உணவைத் தவிர்க்கும் ஒருவர் விடியற்காலையில் வியர்த்து விழித்தெழுகிறார் என்றால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த மாத்திரை, வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும்; சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதன் வேலை உடலில் கூடுதல் நேரம் நீடிக்கவும் கூடும். ஆகவே இன்றிரவிலிருந்தே அவருக்கு அளவான இரவு உணவு கொடுங்கள். மறுபடியும் வியர்வையோ கை நடுக்கமோ படபடப்போ வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்; கால் மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். மீட்டர் கைவசம் இல்லையென்றால் சோதனைக்காகக் காத்திராமல் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மாத்திரையின் அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காக அடுத்த மாதச் சந்திப்பு வரை பொறுத்திராமல் இரண்டொரு நாளிலேயே போய்ப் பாருங்கள்.

அதே அவசரத்தோடு இரண்டாவதாக நிறுத்த வேண்டியவை சோடியம் குறைந்த உப்பும் இளநீரும். அந்த உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்று விலக்கியே வைத்தது. உங்கள் கணவரின் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றும் திறனில் ஓரளவை இழந்திருக்கிறது. டெல்மிசார்டனும் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றும் இயல்புடையது. அதற்கு மேல் உப்பின் வழியாகவும், ஒன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு மில்லிகிராம் பொட்டாசியம் உள்ள இளநீரின் வழியாகவும் தினந்தோறும் அது சேர்ந்துகொண்டிருக்கிறது. பொட்டாசியம் 5.3 என்று ஏறியது இந்த வகையில்தான் இருக்கக்கூடும். மேலும் ஏறினால் அது இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இரண்டையும் நிறுத்திவிட்டு, மருத்துவரைக் கேட்டு ஒரு வாரம் பத்து நாளுக்குள் பொட்டாசியத்தை மறுபடி பாருங்கள். இடையில் உடல் மிகவும் தளர்ந்துபோனாலோ நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொட்டாசியம் ஏறியதற்காக நீங்களாகவே டெல்மிசார்டனை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரில் புரதம் கசிவதைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காப்பதில் பெரும்பங்கு அந்த மாத்திரைக்குத்தான் இருக்கிறது.

நீங்கள் செய்த மாற்றங்கள் எவையும் பொறுப்பில்லாமல் செய்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கேழ்வரகு, இளநீர், குறைந்த சோடிய உப்பு, வேளை தவிர்த்தல் ஆகிய ஒவ்வொன்றையும் யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் சரியாகவே பரிந்துரைத்திருப்பார். நோய் வராமல் தடுக்கும் உணவும், வந்த நோயைக் கட்டுக்குள் வைக்கும் உணவும், அந்நோய் இன்னோர் உறுப்பைத் தொட்ட பிறகு உண்ண வேண்டிய உணவும் ஒன்றல்ல. சர்க்கரை நோய்க்கான பொது அறிவுரையும் இரத்த அழுத்தத்துக்கான பொது அறிவுரையும் தனித்தனியே சரியாக இருந்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒருவரின் தட்டில் இரண்டும் சேரும்போது தவறாகிவிடுவதைச் சிகிச்சை அறையில் அடிக்கடி பார்க்கிறோம். ஆகையால் தட்டை மாற்றுவதற்கு முன் பரிசோதனைச் சீட்டைப் படிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. கீழே சொல்வன எல்லாம் நீங்கள் அனுப்பிய எண்களை வைத்துச் சொல்வன.

இப்போது புரதம். இரு மருத்துவர்களும் முரண்படுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் மக்களின் உணவில் மாவுச்சத்து மிகுதி, புரதம் குறைவு. ஆகவே சர்க்கரை நோய் மையத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கும் சோற்றைக் குறைத்துப் பருப்பு, முட்டை, மீனைக் கூட்டுங்கள் என்று சொல்வது சரியான அறிவுரை. சிறுநீரக மருத்துவர் பார்த்தது வேறு. இ.ஜி.எஃப்.ஆர் 55 என்பது சிறுநீரக வடிகட்டும் திறன் மிதமாகக் குறைந்திருப்பதைக் காட்டுகிறது. அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையின் தொடக்கம் என்று வகைப்படுத்துவார்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டிய ஆல்புமின் விகிதம் 180 ஆக இருப்பது, வடிகட்டிகள் புரதத்தைக் கசியவிடத் தொடங்கிவிட்டன என்பதன் அடையாளம். இந்த நிலையில் சிறுநீரக மருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம், 1.3 கிராமைத் தாண்டக்கூடாது என்பது எச்சரிக்கை. 66 கிலோவுக்கு 0.8 என்றால் நாளுக்கு 53 கிராம் அளவில் வருகிறது.

இந்த 53 கிராம் பார்வைக்குக் குறைவாகத் தெரிந்தாலும் நம் வழக்கமான சாப்பாட்டில் எளிதாக நிறைந்துவிடும். நாள் முழுவதும் உண்ணும் இட்லி, சோறு, சப்பாத்தி ஆகியவற்றிலிருந்தே ஏறத்தாழ 15 கிராம் கிடைத்துவிடுகிறது. சாம்பாரிலும் கூட்டிலும் சேரும் ஒரு பிடி துவரம்பருப்பிலிருந்தும் பாசிப்பருப்பிலிருந்தும் எட்டொன்பது கிராம். ஒரு முட்டையில் 6. இரு வேளைத் தயிரிலும் காலைக் காப்பிப் பாலிலும் சேர்த்து எட்டுப் பத்து. நடுத்தரமான ஒரு துண்டு மீனில் 12 முதல் 15 கிராம். கணக்கு முடிந்துவிட்டது. ஆகவே “குறையுங்கள்” என்று மருத்துவர் சொன்னதை, பருப்பையும் முட்டையையும் விட்டுவிட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி விட்டவர்கள் ஓராண்டில் தசை கரைந்து, நடையில் தளர்ந்து, பசிக்கு மீண்டும் சோற்றையே நாடிச் சர்க்கரையையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். மீன் கூடுதலாகச் சேரும் நாளில் முட்டை வேண்டாம், சுண்டல் செய்யும் நாளில் பருப்பைக் குறைக்கலாம் என்ற அளவிலான கணக்கு போதும். புரதப் பொடி மட்டும் அவருக்கு அறவே வேண்டாம். பல பொடிகளில் ஒரு கரண்டியிலேயே இருபது கிராமுக்கு மேல் புரதம் இருப்பதால், இவ்வளவு கவனமாகப் போட்ட கணக்கு ஒரே தம்ளரில் உடைந்துவிடும்.

கேழ்வரகுக் கஞ்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று தமிழகத்தில் சர்க்கரை என்றாலே சிறுதானியம் என்றாகிவிட்டது. கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் அரிசியைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் அதை மாவாக அரைத்து, நீர் விட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியாகக் குடிக்கும்போது, மாவுச்சத்து ஏற்கெனவே பாதி செரித்த நிலையில் உடலுக்குள் போகிறது; மெல்ல வேண்டிய வேலைகூட இல்லை. அதனால் இரத்தச் சர்க்கரை வேகமாக ஏறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியாயிற்று. இந்தியர் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், அரிசியையும் மைதாவையும் எடுத்துவிட்டு அதே அளவுக்குக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும், மாவுச்சத்தின் மொத்த அளவில் ஒரு பங்கைக் குறைத்துப் பருப்பு, பால் வகைப் புரதத்தை வைக்கும்போதே அபாயம் குறைகிறது என்றும் அது காட்டியது. எந்தத் தானியம் என்று ஆராய்வதில் நாம் செலவிடும் அக்கறையில் பாதியை எவ்வளவு தானியம் என்பதில் செலவிட்டால் நல்லது.

உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேழ்வரகில் பொட்டாசியம், தீட்டிய அரிசியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. பொட்டாசியம் ஏறியிருக்கும் ஒருவருக்கு, இந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது, பலரும் பழிக்கும் அரிசியே மென்மையானது. வேடிக்கை என்னவென்றால், 1939-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், கடும் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் முற்றியவர்களுக்கு அரிசிச் சோறும் பழமும் மட்டுமே கொடுத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். நல்ல மருந்துகள் இல்லாத அந்தக் காலத்தில் பலர் அதனால் தேறினார்கள். அங்கே வேலை செய்தது அரிசியின் மகிமை அன்று. அந்த உணவில் உப்பு கிட்டத்தட்ட இல்லாமலும் புரதம் மிகக் குறைவாகவும் இருந்ததே. இன்று அதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டியதில்லை. எந்த ஒரு தானியத்தையும் அமுதமென்றோ நஞ்சென்றோ சொல்லும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

ஆகவே காலையில் கஞ்சியை நிறுத்திவிட்டு, இரண்டு அல்லது மூன்று இட்லியோ இரண்டு தோசையோ, கூடவே காய்கள் போட்ட சாம்பாரும் ஒரு முட்டையும் கொடுங்கள். மதியம் ஒரு கிண்ணம் சோறு போதும். அளக்கும் கிண்ணம் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும், தட்டில் கண்ணளவாகப் பரிமாற வேண்டாம். சோற்றைவிடக் காய் கூடுதலாக இருக்கட்டும். முதலில் பொரியலையும் பருப்பையும் மீனையும் பாதியாவது சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வருவது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. செலவில்லாத பழக்கம், செய்து பார்க்கலாம். இரவு இரண்டு சப்பாத்தியும் காய்க் கூட்டும் ஏழரை எட்டு மணிக்குள் முடிந்தால் நல்லது. அவருடைய 8.2 என்பது மூன்று மாதச் சராசரிதான். காலைக் கஞ்சிக்குப் பிறகு 280-க்கு ஏறி விடியற்காலையில் 60-க்கு இறங்கினாலும் சராசரி அப்படி வரலாம் என்பதால், ஒரு வாரத்துக்கு விடியற்காலை, காலை உணவுக்குப் பின், இரவு உணவுக்குப் பின் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அந்த ஒரு தாள் அவருக்கு மிகவும் பயன்படும்.

சோடியம் குறைந்த உப்பு வேண்டாம் என்றதால் பழைய உப்பையே பழைய அளவில் போடலாம் என்று பொருளில்லை. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியரின் சராசரி 8 கிராம் அளவில் இருப்பதாக நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறுவதோடு, புரதக் கசிவைக் குறைக்கும் டெல்மிசார்டனின் ஆற்றலும் மங்கிவிடுகிறது. மாத்திரைக்குக் காசு கொடுத்துவிட்டு ஊறுகாயில் அதன் பலனைக் கரைப்பதாகிவிடும். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 15 கிராம், மாதத்துக்கு 450 கிராம். ஆகவே ஒரு கிலோ உப்புப் பொட்டலம் உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் வர வேண்டும். அதற்குமுன் தீர்ந்துபோகிறதா என்று பாருங்கள். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, கடைச் சிற்றுண்டி எல்லாம் இந்தக் கணக்கில் சேராதவை, ஆகவே உண்மையில் அது இன்னும் அதிக நாள் வந்தாக வேண்டும். மோரில் உப்பை நிறுத்துவதும், தோசை மாவில் பாதியாக்குவதும், பொரியலை இறக்கும்போது எலுமிச்சைச் சாறோ மிளகோ சேர்த்து உப்பைக் குறைப்பதும் முதல் வாரத்தில் சப்பென்றிருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிக்கொள்ளும்.

காய்களையும் பழங்களையும் இப்போதே கட்டுப்படுத்திவிடாதீர்கள். சிறுநீரகம் என்றதும் எல்லாக் காயையும் வேகவைத்து நீரை வடித்துவிடச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. பொட்டாசியம் தொடர்ந்து உயர்ந்திருப்பவர்களுக்கு அது உதவும், ஆனால் எல்லோருக்கும் தேவையில்லை. சோடியம் குறைந்த உப்பையும் இளநீரையும் நிறுத்திய பிறகு வரும் பொட்டாசியம் எண் ஐந்துக்குக் கீழே இருந்தால், அவரைக்காய், புடலை, பீர்க்கு, கோவைக்காய், முட்டைகோஸ் என்று வழக்கம்போல் சமைக்கலாம். நாளுக்கு ஒரு சிறு கொய்யாவோ ஆப்பிளோ சாப்பிடலாம். நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வந்தால் பொட்டாசியம் வெளியேறும் வழிகளில் ஒன்று அடைபட்டுப்போகும் என்பதும் கவனிக்க வேண்டியது. வாழைத்தண்டைப் பொரியலாக எப்போதாவது செய்யலாம். சாறாக வடித்துத் தினமும் குடிப்பதில் இவருக்குப் பயனில்லை, பொட்டாசியம்தான் சேரும். சிறுநீரகத்தைச் “சுத்தம்” செய்வதாகச் சொல்லும் சாறுகளிடமும் கஷாயங்களிடமும் பொதுவாகவே எச்சரிக்கையாக இருங்கள். கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன்புளிச் சாற்றைக் குடித்தவர்களுக்கு, அதிலுள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நட்சத்திரப் பழமும் சிறுநீரக நோயாளிகளுக்கு நஞ்சாகக்கூடியது. உணவில் சேராவிட்டாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அவருடைய சிறுநீரகத்துக்கு எந்த உணவையும்விடப் பெரிய கெடுதல் செய்ய வல்லவை.

உங்கள் நாத்தனார் கணவர் மாத்திரையை நிறுத்தியது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்ட, எடை மிகுந்த, இன்சுலின் எடுக்காத சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதங்கள் நாளுக்கு 850 கலோரிக்குள் அடங்கும் உணவைக் கொடுத்து எடையைக் குறைத்தபோது, ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மாத்திரையின்றியே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 விழுக்காடு. ஆனால் இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. அது தணிவுதானே தவிர முழுக் குணம் அன்று. அவரும் ஆண்டுதோறும் எச்பிஏ1சி, கண், சிறுநீர்ப் பரிசோதனைகளைத் தொடர வேண்டும். அவர் எத்தனை ஆண்டுகளாக நோயுடன் இருந்தார், எத்தனை கிலோ குறைத்தார் என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் கணவரோடு ஒப்பிடத்தக்கவர்தானா என்பது தெரிந்துவிடும். ஒன்பது ஆண்டு கடந்து, எடை 66 கிலோவாக இருந்து, சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவருக்குக் குறைப்பதற்கு அதிக எடையும் இல்லை, காத்திருப்பதற்குக் காலமும் இல்லை. அவர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. உணவு சரியாக அமைந்தால் கிளிமிபிரைட் போன்றவற்றின் அளவை மருத்துவர் குறைக்கக்கூடும். அது நல்ல இலக்கு. சிறுநீரகத்தைக் காக்க டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையை மருத்துவர் புதிதாகச் சேர்க்கவும் வாய்ப்புண்டு. அப்படிச் சேர்த்தால் பட்டினி, சோற்றை அடியோடு ஒழிக்கும் உணவுமுறை ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது, இரத்தத்தில் அமிலம் சேரும் அபாயம் இருக்கிறது.

மகனின் நிலை முற்றிலும் வேறு. 6.0 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உயரத்துக்கு எடையும் மிகுதி. தந்தைக்கும் நோய் இருக்கிறது. இந்த நிலையில்தான் உணவுக்கு அதிகபட்ச ஆற்றல் இருக்கிறது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இதே விளிம்பில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்துப் பார்த்த குழுவிலும் ஏறக்குறைய அதே பலன்தான். திருத்திக்கொண்டும் 39 பேருக்கு வந்ததே என்று கேட்கலாம். உண்மைதான், உணவு காப்புறுதி தருவதில்லை. ஆனால் தள்ளிப்போடுவதே பெரிய ஆதாயம். சீனாவின் தாச்சிங் நகரில் 1986-ல் தொடங்கிய இதேபோன்ற ஆய்வில் ஆறாண்டு மட்டுமே உணவு, உடற்பயிற்சி அறிவுரை பெற்றவர்களை முப்பதாண்டு தொடர்ந்து பார்த்தபோது, நோய் சராசரியாக நான்காண்டு தள்ளிப்போயிருந்தது. இதய நோயும் குறைந்திருந்தது. இருபத்தாறு வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம், ஏனென்றால் நோயோடு வாழும் ஆண்டுகளின் எண்ணிக்கையே பின்னாளில் கண்ணையும் சிறுநீரகத்தையும் தீர்மானிக்கிறது.

அவருடைய உணவில் முதலில் கை வைக்க வேண்டியது தேநீர். ஒரு தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் நான்கு தேநீரில் 40 கிராமுக்கு அருகில் போய்விடுகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி நாள் முழுமைக்கும் 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அடுத்தது இரவுப் பரோட்டா: மைதாவும் எண்ணெயும் உப்பு மிகுந்த சால்னாவும் ஒன்றுசேர, படுக்கைக்குச் சற்று முன் வயிற்றில் இறங்குகின்றன. வாரத்துக்கு ஒருநாள் ஆசைக்கு என்று வைத்துக்கொள்ளட்டும். முற்றிலும் தடை போட்டால் பெரும்பாலும் ஒரு மாதத்தில் தடை உடைந்துவிடும். மாவுச்சத்தைக் குறைத்த இடத்தில் அவர் சுண்டல், பாசிப்பயறு, முட்டை, மீன், தயிர் என்று தாராளமாகவே சேர்த்துக்கொள்ளலாம். அப்பாவுக்குச் சொன்ன 0.8 கிராம் வரம்பு இவருக்கு இல்லை. இந்த நிலையிலிருந்து இயல்பு நிலைக்குத் திரும்ப ஆற்றலில் 50 முதல் 56 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும் 18 முதல் 20 விழுக்காடு புரதத்திலிருந்தும் வரட்டும் என்று 2022-ல் வெளியான இந்திய ஆய்வுக் கணக்கு ஒன்று சொல்கிறது. இவ்வளவும் உணவிலேயே கிடைத்துவிடும் என்பதால் பொடி அவருக்கும் அவசியமில்லை. வாங்கியது வாங்கியாயிற்று, தீரும்வரை நாளுக்கு அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுதானியமும் இளநீரும் வாழைப்பழமும்கூட அளவோடு இவர் சாப்பிடலாம். ஓராண்டில் ஆறு கிலோ குறைந்தால் போதும். வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ.க்குக் கீழே வருகிறதா என்று பார்க்கட்டும். அவருக்கும் ஒரு தடவை கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். இளவயதுதான் என்றாலும் குடும்பத்தில் இரு நோய்களும் இருக்கின்றன.

ஆகவே தனித்தனிச் சமையல் தேவையில்லை, தனித்தனிப் பரிமாறல்தான் தேவை. சாம்பாரும் பொரியலும் குறைந்த உப்போடு மூவருக்கும் ஒன்றே. மகன் தட்டில் சோறு குறைந்து பயறும் முட்டையும் கூடும். கணவர் தட்டில் சோறும் அளவு, மீனும் அளவு. உங்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மிஞ்சியதை வீணாக்கக் கூடாதென்று கடைசியில் நீங்கள் உண்பதுதான் பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தட்டு. இவர்கள் இருவரிடமும் குறைத்த சோறெல்லாம் அங்கே போய்ச் சேராமல், அரிசி உலையில் போடும்போதே குறைத்துப் போடுங்கள். உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து ஓராண்டாகிவிட்டதென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்களிடமும் கேட்கலாம்.

விசேஷ வீட்டு விருந்துக்குப் போகாமலிருக்க வேண்டியதில்லை. அன்று கணவர் மாத்திரையைத் தவிர்ப்பதும் கூடாது, பாயசத்துக்கு ஈடுகட்ட ஒன்றைக் கூட்டிப் போட்டுக்கொள்வதும் கூடாது. பந்தி தாமதமாகுமென்று தெரிந்தால் வீட்டிலேயே ஓர் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும். கிளிமிபிரைட் எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு மூன்றாம் பந்திக்குக் காத்திருப்பது சரியல்ல. இலையில் ஊறுகாயையும் அப்பளத்தையும் வைக்க வேண்டாமென்று முன்பே சொல்லிவிடலாம். கூட்டும் அவியலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கலாம். சோறு ஒரு முறை, இனிப்பில் ஏதேனும் ஒன்று, அதிலும் பாதி. வாசலில் கொடுக்கும் இளநீரை மகன் குடிக்கலாம், அவர் வேண்டாம்.